விஜயராணிக்கு பர்கர்

“‘பர்த்டேக்குக் கூட வீட்டுச் சாப்பாடுதானா? இந்த வருசமாவது எல்லாரையும் பர்கர் கடைக்குக் கூட்டிட்டுப் போம்மா.’ கேட்டீங்களா, உங்க மக சொல்றதை? ஒரு எழுத்துக் கூட நான் சேத்தலை.”

ஞாயிற்றுக்கிழமை காலை. வெந்த மாவு உருண்டையை, இடியாப்பம் போலச் சந்தகை பிழியும் அச்சில் போட்டுவிட்டு அனுசுயா கணவனைப் பார்த்தாள். அச்சின் கைப்பிடியைச் சுற்றுவது திருமூர்த்தியின் வேலை. பெரிய பனியன் கம்பெனியின் முதலாளிக்கு வீட்டுக்குள் கிடைத்திருந்த ஒரே பதவி அதுதான்.

“கேட்டுச்சு. நான் இங்கதானே சுத்திட்டிருக்கேன்.”

“எங்க சுத்தறீங்க? கையை வெச்சுட்டு நின்னுட்டிருக்கீங்க. அழுத்திச் சுத்துங்க.”

சாப்பாட்டு மேஜையருகே மோனிஷா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாவது படிக்கிறாள். அடுத்த ஞாயிறு பிறந்தநாள்.

“சந்தகை, தேங்காப்பால், எள்ளுப் பொடி, நாட்டுக்கோழி வறுவல், ஒப்புட்டு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?”

“கடையில வெச்சா எல்லாரும் வருவாங்கம்மா.”

“ஊட்டுல வெச்சா யாரு வரமாட்டேங்கறா? பேரைச் சொல்லு.”

மோனிஷா கொஞ்சம் தயங்கினாள். “விஜயராணி.”

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது.

“ஏனுங்க, இந்தக் கூத்தைக் கேளுங்க. நம்ம கம்பெனியில செக்கிங் பாக்கற சந்தனத்தோட மக. தேனிப் பக்கமிருந்து பொழைக்க வந்தவங்க. அந்த அம்மிணிக்கு என்ற சந்தகை எறங்கலையாம். கோயமுத்தூர் பர்கர்தான் வேணுமாம்.”

“அவ பர்கர் கேக்கலைம்மா. வீட்டுக்கு வரலைன்னுதான் சொன்னா.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“அவ வரலைன்னா எனக்குப் பர்த்டேவே வேண்டாம்.”

“உடு அனு,” என்றார் திருமூர்த்தி. “எல்லாரையும் குவாலிஸ்ல ஏத்திட்டுப் போயி ஒரு நேரம் வாங்கிக் குடுத்துட்டு வந்துடலாம்.”

“நீங்க பேசாதீங்க. போன மாசம் பனியன் ஆர்டர் குடுக்க வந்த உங்க வெளிநாட்டுப் பையரைக் கூட்டிட்டு அங்கதானே போனோம்? என்னத்தைத் தின்னோம்? மெத்துமெத்துன்னு ரெண்டு பன்னு, நடுவுல ஒரு வடை. அதைக் கடிக்கறதுக்குத் திறந்த மாதிரி நான் பல் டாக்டர்கிட்டக் கூட வாயைத் திறந்ததில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ருசின்னு செவுத்துல பெருமையா வேற எழுதி வெச்சிருக்கான். செஞ்சவன் வாயில வெச்சுப் பாக்கவே இல்லைன்னு அதுக்கு அர்த்தம்.”

“பையர் நல்லாத்தான் சாப்பிட்டாரு.”

“மறுநாள் நம்மூட்டுல சாப்பிட்டதை மறந்துட்டீங்களா? கடைசியில தேங்காப்பால் கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடிச்சாரு. பாவம், நான்தான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.”

மோனிஷாவுக்கே சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

பாதி ஜெயித்துவிட்ட தெம்பு அனுசுயாவுக்கு. அடுத்த உருண்டையை அச்சில் போட்டாள்.

“நானும் கான்வென்ட்ல படிச்சவதான். முள்ளும் கத்தியும் புடிச்சுத் திங்க எனக்கும் தெரியும். சரி, ருசியை உடு. மரியாதை வேண்டாமா? காசையும் குடுத்துட்டு, தட்டை நாமளே தூக்கிட்டு வந்து, தின்னு முடிச்சதும் அந்த எச்சித் தட்டையும் நாமளே கொண்டுபோயிக் குப்பைத் தொட்டியில கொட்டோணும். சாப்பிட வந்தவங்களை எச்சி எடுக்க வெக்கற எடத்துல ஒரு பொறந்தநாளா? என்ற ஊட்டுல சாப்பிட்ட ஒருத்தரையாவது நான் இலையெடுக்க உட்டிருக்கனா? ஆடிட்டர் வந்தாலும் சரி, அவரு கூட வர்ற வாண்டு வந்தாலும் சரி. போயிக் கை கழுவுங்கன்னு அனுப்பிட்டு நான்தான் இலையெடுப்பேன். இல்லைன்னு சொல்லு பாக்கலாம்.”

“விஜயராணியை எடுக்கச் சொன்னியே,” என்றாள் மோனிஷா.

“எப்போ?”

“போன பர்த்டேக்கு. எங்க எல்லார் இலையையும் நீ எடுத்தே. அவகிட்ட மட்டும், ‘கண்ணு, உன்றதை நீயே எடுத்துட்டுப் போயி வெளிய போட்டுரு’ன்னு சொன்னே. நாங்க எல்லாரும் கை கழுவிட்டு வந்து நிக்கறோம். அவ மட்டும் இலையை மடிச்சுக் கையில புடிச்சுக்கிட்டு எங்க போடறதுன்னு தெரியாம நின்னா.”

திருமூர்த்தியின் கை நின்றது. அச்சிலிருந்து பாதி இறங்கிய சந்தகை அப்படியே தொங்கியது.

“அது வந்து... அவளை நம்ம ஊட்டுப் பொண்ணு மாதிரி நெனச்சு உரிமையாச் சொன்னது.”

“என் இலையை நீதானேம்மா எடுத்தே?”

அனுசுயா கையிலிருந்த மாவைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

“எனக்கும் அந்த பர்கர் பிடிக்காதும்மா. நீ பண்ற சந்தகைதான் பிடிக்கும். அவளுக்கும்தான், அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஆனா அந்தக் கடையில எல்லாரும் அவங்கவங்க தட்டை அவங்கவங்களே எடுக்கறாங்க. அவ ஒருத்தி மட்டும் எடுக்க வேண்டியதில்லை.”

அனுசுயா கணவனைப் பார்த்தாள். அவர் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடையெல்லாம் வேண்டாம்மா. வீட்டுலயே வெச்சுக்கலாம். நான் போயி அவளைக் கூப்பிடறேன், வந்துடுவா. இந்தத் தடவை அவ இலையையும் நீ எடுத்துடு.”

அனுசுயா தட்டில் விழுந்திருந்த சந்தகையை விரலால் உதிர்க்கத் தொடங்கினாள்.

“அம்மா, உன்கிட்டத்தான் கேக்கறேன். எடுத்துடறியா?”