வலன்ரைன் மாஸ்டரின் தமிழ்க்கட்டை

"என்னண்ணே இது, மாட்டுக்குக் கட்டுன மாதிரி?"

சட்டையைக் கழற்றிய சுவக்கினின் கழுத்தில் தொங்கிய மரத்துண்டைப் பார்த்துத் தங்கை றீற்றா கேட்டாள்.

"தமிழ்க்கட்டை. மாலை வகுப்புல தமிழ் பேசுறவன் கழுத்துல வலன்ரைன் மாஸ்டர் இத மாட்டிருவாரு. அடுத்து எவன் தமிழ் பேசுறானோ, அவன் கழுத்துக்கு நாம மாத்திரணும். வெள்ளிக்கிழமை மணியடிக்கிறப்ப யாரு கழுத்துல கிடக்கோ, அவன் பேரு ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சைக்குப் போகாது."

"போகலைன்னா?"

"ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வேலையும் போச்சு. காலம் பூரா துணிக்கடையில சீத்தைத் துணி கிழிக்க வேண்டியதுதான்."

"அப்பிடி என்னதான் பேசுனீங்க?"

"படியில வழுக்கி விழுந்தேன். 'ஐயோ'ன்னேன். அது தமிழாம்."

கட்டையை மாஸ்டர் அவனைத் தனியே அழைத்துத்தான் மாட்டியிருந்தார். சட்டைக்குள் மறைத்துக்கொள், வெளியே தெரிந்தால் மற்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

"பெறகென்ன? யாரையாச்சும் 'ஐயோ'ன்னு கத்த வச்சிருங்க" என்றாள் றீற்றா.

சுவக்கின் எதையும் திட்டம்போட்டுச் செய்கிறவன். செய்த பிறகு, செய்தது சரிதானா என்று விடியும்வரை யோசிக்கிறவனும்கூட. இரண்டு நாள் யோசித்து, மழையில் நனைந்த புல்லிலிருந்து ஓர் அட்டையைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனான்.

திரும்பி வந்தபோது கட்டை கழுத்திலேயே இருந்தது.

"பின்னால உக்கார்ற பாயிஸ் சப்பாத்துக்குள்ள அட்டைய விட்டேன், றீற்றா. ரத்தமா ஒழுகுது. மனுசன் குனிஞ்சு பாத்து, 'வாட் இஸ் திஸ்?'ங்கிறான்."

"ஆத்தாடி."

"அதோட, தங்கமான மனுசன். எனக்கு மஸ்கட் அல்வா வேற குடுத்தான். உள்ள பச்சக் கொச்சிக்கா. அவங்க வீட்டுல அப்பிடித்தான் செய்வாங்களாம். காரத்துல கண்ணுல தண்ணி கொட்டுது, 'தேங்க்யூ'ன்னேன்."

"மத்தவங்க?"

"அந்தோனிமுத்துவுக்குக் குண்டூசி வச்சேன். எழும்பி நின்னு 'எக்ஸ்கியூஸ் மீ'ங்கிறாரு. பாவம், அவருக்குக் கண்ணு சரியில்ல போல. சப்பாத்துக் காலோட என்னைய ரெண்டு தரம் மிதிச்சிட்டாரு. எங்க வகுப்புல படிக்கிற ஆஸ்பத்திரி நர்ஸ் கிறேஸ் மிஸ்ஸி ஓடிவந்து, எங்க கடை பத்தி எரியுதுன்னு இங்கிலீஷ்ல சொல்லுச்சி. ரிக்‌ஷா புடிச்சி ஓடுனேன். எரியல. இருந்தாலும் எவ்வளவு அக்கறை பாரு."

றீற்றா அவன் காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள்.

"அவங்க எல்லாம் கனவுகூட இங்கிலீஷ்லதான் காண்றாங்க" என்றான் சுவக்கின். "நான் ஒருத்தன்தான் லாயக்கில்லாதவன்."

வெள்ளிக்கிழமை, வகுப்பு முடியச் சற்று முன்பே மாஸ்டர் புத்தகத்தை மூடினார். கட்டை யாரிடம் இருக்கிறதோ அவர் எழுந்து நிற்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சுவக்கின் எழுந்தான். தோட்டத்துக் கந்தோரில் அவன் கிளாக்கராக உட்கார நினைத்திருந்த கதிரை கண்ணெதிரே தூரத் தூரப் போனது. தலையைக் குனிந்தபடி சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

பின்னால் வாங்குப் பலகைகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்த்தான். பாயிஸ் கோட்டுக்குள்ளிருந்து ஒரு கட்டையை எடுத்துக்கொண்டிருந்தான். அந்தோனிமுத்துவின் கையில் இன்னொன்று. கிறேஸ் சேலைத் தலைப்புக்குள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் என்று ஒருவரும் இல்லை.

சுவக்கின் பாயிஸின் வீங்கிய காலைப் பார்த்தான். பாயிஸ் வேறு பக்கம் பார்த்தான்.

மாஸ்டர் தன்னை மறந்து பேசினார்.

"எல்லாருக்கும் ஒவ்வொண்டு மாட்டினது நான்தான், பிள்ளையள். அதுக்குப் பிறகு உங்களிலை ஒருத்தர்கூட ஒரு சொல்லுத் தமிழ் கதைக்கேல்லை. எனக்கு இது காணும், போதும். எல்லாற்ற பேரையும் பரீட்சைக்கு அனுப்பப் போறன்."

வகுப்பு ஒரு கணம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு, சுவக்கினை முன்னே விட்டு, வரிசையாக மாஸ்டரின் மேசையை நோக்கி நடந்தது.

மணியடித்தபோது கட்டைகள் அத்தனையும் வலன்ரைன் மாஸ்டரின் கழுத்தில் தொங்கின.