ரெண்டு கம்பி

வர வேண்டிய பாக்கி நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. அதைத் தர வேண்டியவனின் பூட்டிய வீட்டுக்குப் பின்புறம், நட்டநடு மதியத்தில் வெல்டர் ஜன்னல் கிரில்லைப் பிடித்தபடி நின்றார். இரண்டு பக்கமும் ஒரு தரம் பார்த்துவிட்டு ஒரு கம்பியை மெல்ல மேலே தூக்கினார்.

கம்பி கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் ஓர் ஆள் தாராளமாக உள்ளே போகலாம்.

அவர் போகவில்லை. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடப்பாவி, இவ்வளவு லேசாவா விட்டே?" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இந்த வீட்டின் ஆறு ஜன்னலுக்கும் கிரில் போட்டது அவர்தான். ஐந்து முடிந்தபோது வீட்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "அண்ணே, ஏஜென்ட்டுக்கு, டிக்கெட்டுக்குன்னு எல்லாம் கரைஞ்சு போச்சு. மீதியை அங்க போய் அனுப்புறேன்."

வெல்டருக்கு வயிறு எரிந்தது. ஆறாவது ஜன்னலில் ரெண்டு கம்பியை மட்டும் முழுசாக ஒட்டாமல், முனையில் ஒரு பொட்டு வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார். வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அன்று அவன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க கிரில்லை நம்பித்தாண்ணே வீட்டைப் பூட்டிட்டுப் போறேன்" என்றான்.

மனைவியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஊரில் பாதிப் பேரிடம் கடன் வாங்கிப் போனவன். கடன் கொடுத்தவர்கள் அவ்வப்போது வந்து வாசல் பூட்டைப் பார்ப்பார்கள். "சம்பாதிக்கத்தானே போயிருக்கான், வரட்டும்" என்று திரும்பிப் போவார்கள்.

இந்த மாசம் அதே தெருவில் மூன்று வீட்டில் திருட்டு. மூன்றுமே ஆள் வெளிநாட்டில் இருக்கிற வீடு. முதல் வீட்டைக் கேள்விப்பட்டபோது வெல்டருக்குச் சோறு இறங்கவில்லை, மூன்றாவது வீட்டோடு தூக்கமும் போயிற்று. "எவன் வீட்லயோ திருடு போனா உனக்கு ஏன்யா வேர்க்குது?" என்று கேட்டாள் அவர் பெண்டாட்டி.

அந்த ரெண்டு கம்பியையும் ஒட்டத்தான் இன்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டில் கெஞ்சி, வயர் இழுத்து, கரண்ட் எடுத்தாயிற்று. மற்ற ஐந்து ஜன்னலிலும் சிலந்தி வலை அடை அடையாகத் தொங்கியது, இதில் ஒரு நூல்கூட இல்லை. துடைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தபடி அரத்தை எடுத்துப் பழைய பெயின்ட்டைச் சுரண்டினார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரனின் வெளிநாட்டு நம்பர். வெல்டர் அரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எடுத்தார்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பட்டறையிலதான் தம்பி. ஏன் கிசுகிசுன்னு பேசுறீங்க?"

"பக்கத்துல ஆள் தூங்குறாங்க. பட்டறையிலயா இருக்கீங்க? சரி, அங்கயே இருங்க. இந்த வெயில்ல எங்கயும் போகாதீங்க."

அந்த அக்கறையில் வெல்டர் உடைந்துபோனார். கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார்.

"தம்பி, பொய் சொல்லிட்டேன். உங்க வீட்டுப் பின்னாடிதான் நிக்கிறேன்."

"ம்."

"நீங்க பாக்கி வச்ச கோவத்துல இந்த ரெண்டு கம்பியை ஒட்டாம ஏமாத்திட்டேன். பட்டி பூசி மறைச்சுட்டேன். ரெண்டு வருஷமா உங்க வீடு திறந்துதான் கிடக்குது தம்பி. நான் மனுசனே இல்ல."

"விடுங்கண்ணே. அது அப்படியே இருக்கட்டும்" என்றான்.

"எப்படி இருக்கட்டும்? எவனாச்சும் உள்ள பூந்துட்டா?"

"உள்ள என்ன இருக்கு, எடுத்துட்டுப் போறதுக்கு?"

"அப்படிச் சொல்லாதீங்க. ரெண்டே நிமிசம், ஒட்டிட்டுப் போயிடுறேன். அந்த நாலாயிரத்து முந்நூத்தம்பதும் எனக்கு வேணாம். நான் செஞ்ச வேலைக்கு அதுதான் தண்டனை. கணக்கு இன்னையோட தீர்ந்துச்சு."

"பாக்கி கிடக்கட்டும்ணே. கம்பியைத் தொடாதீங்க, உங்க கால்ல விழுறேன்."

இனிமேல் தன் கை பட்ட வேலையே வேண்டாம் என்கிறான் என்று நினைத்தார் வெல்டர். அதில் தப்பும் இல்லை. இருந்தாலும் ஒட்டாமல் போனால் இன்று இரவும் தூங்க முடியாது. போனை வைத்துவிட்டு ரெண்டு கம்பியையும் அதனதன் இடத்தில் நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடியை முகத்துக்குப் பிடித்து ராடை நீட்டினார்.

உள்பக்கம் ஜன்னல் கதவு கிறீச்சென்று திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது.

வெல்டர் கண்ணாடியை இறக்கினார். தாடிக்குள் பாதி முகம். இன்னொரு கையில், இன்னும் வெளிச்சம் அணையாத போன்.

"ஒட்டிடாதீங்கண்ணே. ஆறு மாசமா எனக்கு இதுதான் வாசல்."