சூடு ஆறாத பாத்திரம்

"எத்தனை பேர் சாப்பிடற வீடு?" என்று கேட்டாள் கடைக்காரி நோலீன்.

டெனீஸ் அலுமினிய ட்ரேயையும் கனமான பீங்கான் பாத்திரத்தையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெவன்போர்ட் நகரத்தில் இருந்த அந்தக் கடைக்கு அவள் நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருந்தாள். இதே பாத்திரங்கள் அவள் ஊர்க் கடையிலேயே கிடைக்கும்.

"மூணு பேர் இருந்த வீடு. இப்ப ரெண்டு பேர்" என்றாள் டெனீஸ். "என் சிநேகிதி லினெட்டோட பையன் ஜாரட். போன வாரம் கார் மரத்துல மோதி... பத்தொன்பது வயசு. சீஸ் போட்டு லசான்யா சுட்டுக் கொண்டு போகலாம்னு நெனச்சேன்."

நோலீன் கல்லாவை விட்டு வெளியே வந்தாள். "அடக்கம் முடிஞ்சுதா?"

"திங்கக்கிழமை. நான் போகல. போக முடியல."

"அப்ப பீங்கான்தாம்மா. அலுமினியம் சட்டுனு சூடேறும், சட்டுனு ஆறிடும். துக்க வீட்டுல யாரு நேரத்துக்குச் சாப்பிடறா? இது மெதுவாத்தான் சூடேறும். ஆனா இறக்கி வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டாலும் சுடும்."

"ஓரம் மொறுமொறுன்னு வராதே. அவனுக்கு அதுதான் பிடிக்கும்."

"யாருக்கு?"

"ஜாரட்டுக்கு." சொன்ன பிறகுதான் டெனீஸுக்கு உறைத்தது. ட்ரேயை மெதுவாக அடுக்கில் திருப்பி வைத்தாள். "எங்க வீட்ல எப்பவும் ட்ரேதான். ஓரம் நல்லா முறுகி வரும். மூலைத் துண்டுக்கு அவனும் என் பையன் லாக்லனும் அடிச்சுக்குவாங்க. மூலை நாலு இருக்குடா, ஆளுக்கு ரெண்டுன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

நோலீன் சிரித்துவிட்டு உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "உங்க பையன் எப்படித் தாங்கறான்?"

"எதுவும் பேசறதில்ல."

"அந்த வயசுப் பசங்க அப்படித்தான். பேசு பேசுன்னு நச்சரிக்காதீங்க. நீங்க பக்கத்துல இருந்தாலே போதும்."

டெனீஸ் தலையை மட்டும் ஆட்டினாள். நோலீன் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுத்து நேரா ஓவன்ல வெச்சிடாதீங்க, விரிசல் விட்டுடும்" என்றாள்.

மாலை நான்கு மணிக்கு, சுடச்சுட இருந்த பாத்திரத்தை இரண்டு துண்டுகளில் சுற்றி எடுத்துக்கொண்டு டெனீஸ் வீட்டை விட்டுக் கிளம்பினாள். தெரு வழியே போனால் லினெட் வீடு ஐந்து நிமிடம்தான். அவள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பின்கதவருகே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடுவதுதான் அவள் எண்ணம்.

ஆனால் பின்படியிலேயே லினெட் உட்கார்ந்திருந்தாள். கணவனின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். டெனீஸைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

டெனீஸ் படியை நெருங்கியபோது கதவைத் திறந்துகொண்டு லினெட்டின் கணவன் கிரேம் வந்தான்.

"நீ எதுக்கு இங்க வந்தே?"

"சாப்பாடு, கிரேம். வெச்சிட்டுப் போயிடறேன்."

"உன் பையன்தானே ஓட்டினான்? மெதுவாப் போடான்னு என் பையன் கத்தினானோ என்னவோ. கேட்டானா அவன்?" கிரேமின் குரல் உடைந்தது. "உன் சாப்பாடு எங்களுக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போ."

துண்டைத் தாண்டி வந்த சூடு டெனீஸின் உள்ளங்கையைப் பொசுக்கியது. கையை மாற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நீ உள்ள போ, கிரேம்" என்றாள் லினெட்.

"லின்..."

"போன்னு சொன்னேன்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

லினெட் எழுந்து பாத்திரத்தைத் துண்டோடு வாங்கிப் படியில் வைத்தாள். டெனீஸின் கைகளைப் புரட்டிப் பார்த்தாள். இரண்டும் சிவந்து கிடந்தன.

"உள்ள பாத்திரம் வைக்க இடமே இல்ல" என்றாள் லினெட். "ஊரே ஆக்கிக் கொண்டு வந்து அடுக்கியிருக்கு. உன் வீட்டுக்கு யாராச்சும் ஏதாவது கொண்டு வந்தாங்களா?"

டெனீஸ் இல்லை என்று தலையசைத்தாள்.

லினெட் படியில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

"லாக்லனை என்னைக்கு அடக்கம் பண்றே? நான் வரேன்."