அரை மணி நேர ரிப்பேர்

“அய்யய்யோ, கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னுபோச்சே! என்னங்க, கொஞ்சம் வாங்களேன்!”

தங்கை கூப்பிட்ட பிறகுதான் ஜன்னலோரம் மேகம் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. “தொடாதே, தொடாதே, டார்ச் எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே ஓடினார்.

இரண்டு நாள் தங்கிப் போக வந்திருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு வேலை போய் ஏழு மாதம். பாதி நாள் ஜன்னல், மீதி நாள் ஆகாயக் கோட்டை. தங்கைதான் விடிந்தது முதல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ பேசியதையெல்லாம் கேட்டு டைப் அடித்துக் குடும்பத்தை இழுக்கிறாள்.

ஆனால் இப்போது கோபம் மாப்பிள்ளை மேல் இல்லை.

“ஏன்டி, நான் என்ன குருடா? அந்தப் பழைய ஸ்கேனர் ஒயரை நீதானே இப்ப சொருகினே? சொருகினதும் அப்படியே உறைஞ்சு நிக்குது!”

“மெதுவா பேசுக்கா!” தங்கை அக்காவின் வாயைப் பொத்தினாள். “அந்த ஸ்கேனரை மாட்டினா எப்பவும் இப்படித்தான் நிக்கும். ஒருநாள் தெரியாம மாட்டிட்டேன், அவர்தான் சரி பண்ணினார். அன்னைக்கு அவர் முகத்தைப் பார்க்கணுமே! சாப்பாடுகூட ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்க்கா.”

“அதுக்காக உன் பொழைப்புல நீயே மண்ணைப் போட்டுக்குவியா?”

“அரை மணி நேரம்தானே. அவர் இல்லாம இந்த வீட்டுல நடக்காத வேலை ஒண்ணாவது இருக்கட்டுமே.”

மாப்பிள்ளை டார்ச்சோடு வந்து மேஜைக்கு அடியில் புகுந்தார். “உள்ள தூசி அடைச்சிருக்கு. அரை மணி ஆகும். நீ அந்தப் பக்கம் போ.”

தங்கை சோபாவில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தெரியும், தூங்கிவிட்டாள்.

வீடு அடங்கிப்போனது. மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக வந்து தரையில் அசைந்துகொண்டிருந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றியது. அக்காவுக்கே கண் சொக்கியது. வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் போலிருந்தது. இத்தனை நாள் இந்த மனுஷனைத் தண்டச்சோறு என்று நினைத்தோமே, இவருக்காக இவள் இவ்வளவு செய்கிறாளே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. கூடவே, அடியில் கிடக்கும் அப்பாவியை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

தண்ணீர் குடிக்க எழுந்தவளின் கை மேஜையிலிருந்த மவுஸில் பட்டது.

திரையில் அம்புக்குறி தாராளமாக நகர்ந்தது.

குனிந்து பார்த்தாள். கழற்றிய ஸ்கேனர் ஒயரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, டார்ச்சையும் அணைத்துவிட்டு, மாப்பிள்ளை மல்லாந்து படுத்திருந்தார்.

“சரியாயிடுச்சே மாப்பிள்ளை! அவளை எழுப்பட்டுமா?”

மாப்பிள்ளை பதறி உதட்டில் விரல் வைத்தார்.

“அது அப்பவே சரியாயிடுச்சுக்கா. கோளாறு ஸ்கேனர்லதான்னு முதல் நாளே தெரியும். இப்பல்லாம் யார் சொருகுறாங்கன்னும் தெரியும். சும்மா படுன்னா படுக்க மாட்டா, ரிப்பேர்னாதான் தூங்குறா. இன்னும் பத்து நிமிஷம்... மெல்லப் பேசுங்க.”