இன்டர்வெல் பத்து நாற்பதுக்கு

மேட்டுப் பள்ளியில் ஆறு குழாய்களையும் திறந்து பார்த்தேன். ஆறிலும் தண்ணீர் வந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு பிளம்பர் பள்ளிக்கூடத்தை வேறு எப்படி எடை போடுவான்? ஊரில் அரசுப் பள்ளி இரண்டே இரண்டு. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எது நல்லது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அதுவும் ஆறு வயதுக் கைக்கு எட்டுகிற உயரத்தில். யாரோ யோசித்து மாட்டியிருக்கிறார்கள்.

குறை சொல்ல வேண்டும் என்றே தேடியதில் மதில் சுவர் ஒன்றுதான் அகப்பட்டது. ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் இரண்டடி. வெளியே நின்றால் ஒரு பிள்ளையின் தலைகூடத் தெரியாது.

"இதுக்கு மேல என்ன சார் பாக்கணும்? டேங்க்ல ஏறிப் பாக்குறீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை.

ஏற்கெனவே ஏறிப் பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

இன்னொரு பள்ளி என் கடைக்கு நேர் எதிரே. நடுவில் ஒரு தெரு, ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். பத்து நாற்பதுக்கு இன்டர்வெல் மணி அடித்தால் பிள்ளைகள் வேலியோரம் வந்து மொய்த்துக்கொள்வார்கள். நாள் முழுக்க ஆள் அரவமில்லாத கடையில் அந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்குத் துணை.

அங்கே நான்கு குழாய்கள். இரண்டுக்குக் கைப்பிடியே இல்லை. மேட்டுப் பள்ளியைப் பார்த்த கையோடு ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய் நான்கையும் சரிசெய்தேன். கழிப்பறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்டினேன், தாழ்வாக. பரீட்சையில் ஒரு பிள்ளைக்கு மட்டும் விடை சொல்லிக்கொடுப்பது போலத்தான். தெரிந்தேதான் செய்தேன்.

ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, எல்லா வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. ஒரே டீச்சர். பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

குழாயை நான் மாட்டிவிடலாம். டீச்சரை எங்கிருந்து கொண்டுவந்து மாட்டுவது?

இன்று காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"பாத்தீங்களா? நீங்க எதச் சொல்றீங்களோ அதுலயே சேத்துடறேன்" என்றாள் மகளின் அம்மா.

எதிர்ப் பள்ளி என்றுதான் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"மேட்டுப் பள்ளி. அங்க வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காங்க."

சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வரச் சொன்னாள்.

மறப்பேனா? மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. கோர்ட்டில் என் மகளை எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் அவர்கள் இந்த ஊருக்கே, அவளுடைய அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள் என்று கேட்ட நாள் முதல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை மேசையைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, தரையோடு போல்ட் வைத்து முடுக்கியிருந்தேன்.

போனை வைத்துவிட்டு நான்கு போல்டையும் கழற்றினேன். மேசையைப் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

கடைசிப் போல்டை முடுக்கும்போது எதிரே மணி அடித்தது.

திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். யார் யார் பெற்ற பிள்ளைகளோ, நான் சரிசெய்த குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.