மேல்மாடிச் சத்தம்

“மேடம், இன்னும் ஏத்தினா பாட்டு கிறீச்சுன்னு கத்தும்!”

“கத்தட்டும் சார். ஏத்துங்க.”

ஒலிப்பதிவாளருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கன்னத்தில் கைவைத்தபடி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். காலையில் முதல் ஆளாக வந்த இந்தப் பெண்மணி, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

“எங்க இடத்துல, ஆளுங்க காத்திருக்கிற ரூம்ல இந்தப் பாட்டுதான் ஓடும். ஆனா பாதிப் பேர் உட்கார மாட்டேங்கறாங்க, எழுந்து போயிடறாங்க. இப்படியே போனா நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். எப்படியாவது அவங்களை உட்கார வைக்கணும்.”

உட்கார வைக்க வேண்டிய பாட்டை ஊளையிட வைக்கச் சொல்கிறாரே!

விளக்குவதென்றால் ஒலிப்பதிவாளருக்கு வெல்லம். “மேடம், பாட்டுங்கறது மூணு மாடி வீடு. கீழ்மாடியில டிரம். நடுமாடியில பாடறவங்க குரல். மேல்மாடியில சலங்கை, ஜால்ரா. திரையில தெரியற இந்த மூணு குமிழும் மாடிக்கு ஒண்ணு. ஏத்தினா அந்த மாடி சத்தம் போடும், இறக்கினா அடங்கும். நீங்க மேல்மாடியில மட்டும் ஊரையே குடிவைக்கறீங்க!”

“சலங்கைச் சத்தத்தை டிரம்மால மறைக்க முடியாதா?”

“சுலபத்துல முடியாது. மேல்மாடிச் சத்தத்தை மறைக்க மேல்மாடிச் சத்தம்தான் வேணும்.”

“அதேதான்!” என்று துள்ளினார் பெண்மணி.

எது அதேதான்? அவர் குழம்பும்போதே போன் அடித்தது. மனைவி.

“நேத்துப் போயிட்டு வந்தீங்களா, இல்லையா?”

“போயிட்டு வந்துட்டேன்ம்மா.”

“புதுச் செருப்பை எங்க காணோம்?”

“கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் பேசறேன்.”

போனை வைத்துவிட்டுக் கேட்டார்: “உங்க இடம்னா என்ன மேடம்? ஓட்டலா, பியூட்டி பார்லரா?”

“முதல்ல பாட்டு முடியட்டும் சார்.”

பெருமூச்சு விட்டு, கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே மற்றொரு கையால் மூன்றாவது குமிழை ஏற்றினார். காது கூசாமலிருக்க நடுக்குமிழைக் கொஞ்சம் இறக்கினார். சலங்கையும் ஜால்ராவும் தகரக் கூரையில் விழும் தூறல் போல அறையை நிறைத்தன. அட, நன்றாகத்தான் இருக்கிறது!

பெண்மணி தன் போனில் எதையோ தட்டி மேஜைமேல் வைத்தார்.

“பாட்டைத் தவிர வேற ஏதாவது கேக்குதா சார்?”

“இல்லையே.”

“நல்லா கேளுங்க.”

“எறும்பு நடந்தாலும் என் காதுக்குத் தப்பாது மேடம். ஒண்ணுமில்ல.”

“அப்போ பாட்டை நிறுத்துங்க.”

நிறுத்தினார். மேஜைமேலிருந்த போன் ‘க்ர்ர்ரீஈஈஈ’ என்று அலறிக்கொண்டிருந்தது. பல்லைத் துளைக்கும் மெஷின்! வீங்கிய கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கதவுக்குப் பாய்ந்தார் ஒலிப்பதிவாளர்.

“நேத்தும் சீட்டுல பேரு, தொழில் எல்லாம் எழுதிக் குடுத்துட்டு, நான் கூப்பிடறதுக்குள்ள இப்படித்தான் ஓடினீங்க” என்ற பல் டாக்டர், துணிப்பையிலிருந்து அவருடைய புதுச் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். “போட்டுக்கிட்டு வாங்க சார், பாட்டுதான் ரெடி ஆயிடுச்சே!”