இன்னும் சத்தமா ஒரு ஸ்பீக்கர்

"என் பால் வண்டி, துர்சுன் வண்டியைவிடச் சத்தமாக் கூவணும்ணே" என்றான் ஷவ்கத்.

தாஷ்கண்ட் சந்தையில் ஸ்பீக்கர் கடை வைத்திருந்த நோதிர் சிரித்தார். "மேல ரெண்டு ஹார்ன், நூறு வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர். நாலாவது மாடிக்கும் கேக்கும். வியாபாரத்துல அவ்வளவு போட்டியா?"

"அவன் வண்டியில ஒரு பொண்ணு 'பாலு, தயிரு'ன்னு கூவுறா. அது யார் காதுலயும் விழக்கூடாது. இன்னும் பெருசாக் குடுங்க."

"உன் பெண்டாட்டியை விட்டுக் கூவச் சொல்லிப் பதிவு பண்ணேன்."

"பண்ணிட்டேன்." ஷவ்கத் போனில் அதைப் போட்டான். "பாலு, தயிரு" என்றது குரல், கடனேயென்று.

நோதிர் நிமிர்ந்தார். "துர்சுன் வண்டியில வர்ற குரலாச்சே இது."

"அவளேதான். துர்சுன் அவளோட பழைய புருஷன். அப்பப் பதிஞ்சதை இன்னும் ஓட்டிட்டிருக்கான்" என்றான் ஷவ்கத். "அதுல இருக்கிற கொஞ்சல், எனக்குக் கூவும்போது அவளுக்கு வரமாட்டேங்குதுண்ணே."